கைவேலையைக் காட்டிக் கருத்துக் கேட்பதும், பிறர் வேலைக்குக் கருத்துச் சொல்வதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர், ஓவியம் வரைபவர், கம்பளி பின்னுபவர், கதை எழுதுபவர் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஏதாவதோர் இணையக் குழுவில் போய்ச் சேர்கிறார்கள். செய்ததைப் போட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வருவது இரண்டில் ஒன்று: நாலைந்து இதயக் குறிகளும் ஒரு "அருமை"யும், அல்லது முகம் தெரியாத ஒருவரின் சுருக்கென்ற ஒரு வரி. முன்னதால் வேலை ஓர் அங்குலமும் முன்னேறாது. பின்னதால் ஆளே குழுவை விட்டுப் போய்விடுகிறார். நான் சேர்ந்திருந்த குழுக்களில் நன்றாக வளர்ந்திருக்க வேண்டிய பலர் இப்படித்தான் காணாமல் போனார்கள். பயனுள்ள கருத்து எப்படிக் கிடைக்கும், எப்படிச் சொன்னால் அடுத்தவருக்கு உதவும் என்பது எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயம். கருத்தின் தரம் சொல்பவரின் திறமையைப் பொறுத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கேட்பவர் எதையெல்லாம் முன்னால் எடுத்து வைக்கிறார், என்ன கேட்கிறார் என்பதில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அந்தப் பாதி. அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1. சேர்ந்தவுடன் எதையும் போடாதீர்கள்

ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், பேசாமல் கவனியுங்கள். எந்த மாதிரிக் கேள்விக்கு விரிவான பதில் வருகிறது, எது கேட்பாரற்றுக் கிடக்கிறது, வாக்குவாதம் சூடானால் அட்மின்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஆளைத் தாக்கி எழுதிய பதில் மூன்று நாளாக அப்படியே நிற்கிறது என்றால் அந்தக் குழுவில் உங்கள் முதல் படைப்பைப் போட வேண்டாம். வேறு குழு தேடிக்கொள்ளலாம்.

மேலே பின் செய்து வைத்திருக்கும் விதிமுறைகளை வரி விடாமல் படியுங்கள். செய்ததைக் காட்டி மகிழ ஓர் இடம், குறை நிறை கேட்க வேறோர் இடம் என்று பல குழுக்களில் பிரித்திருப்பார்கள். இடம் மாறிப் போட்டால், பாராட்டை எதிர்பார்த்தவருக்குப் பிழைப்பட்டியல் வந்து சேரும். சில குழுக்களில் நீங்கள் ஒன்றுக்குக் கருத்துக் கேட்கும் முன் பிறருடைய இரண்டு மூன்று படைப்புகளுக்காவது கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். அடுத்தவர் வேலையில் என்ன இடறுகிறது என்று தேடிப் பழகிய கண், தன் வேலைக்குத் திரும்பும்போது சும்மா இருக்காது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல கருத்துச் சொல்லக்கூடியவர்கள் நேரம் குறைவாக உள்ளவர்கள். "என்ன லென்ஸ்?", "எந்த நூல்?", "யாருக்காக எழுதியது?" என்று அவர்கள் திரும்பக் கேட்டு, நீங்கள் மறுநாள் பதில் சொல்லி, அதற்குள் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். கேட்கப்போகும் விவரத்தை முதல் பதிவிலேயே போட்டுவிடுங்கள்.

புகைப்படம் என்றால்: திருத்தம் செய்யாத மூலப் படமும் திருத்திய படமும், ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), லென்ஸின் குவியத் தூரம். இவை எல்லாம் கேமரா கோப்புக்குள் தானே பதித்துவைக்கும் எக்ஸிஃப் தகவலிலேயே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு இந்தத் தகவலும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தங்கும். இன்னொன்று, படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண முறையில் சேமியுங்கள், பெரும்பாலான திரைகளுக்கு அதுதான் பொது. அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம் சில திரைகளில் வெளிறித் தெரியும். நீங்கள் சேர்க்காத குறைக்கு நாலு பேர் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த விவரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். ஓடிவரும் குழந்தையின் முகம் தெளிவில்லாமல் இருக்கிறது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பின்னணிச் சுவர் கூர்மையாக இருந்து, குழந்தையின் கை கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது; 1/60 நொடியில் எடுத்தது என்று தெரிந்தால் 1/500 போட்டுப் பாருங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. குழந்தைக்குப் பின்னால் இருக்கும் செடி பளிச்சென்று இருந்தால் குவியம் தப்பியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. சிறிதாகச் சுருக்கிய படத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். அப்போது ஆளுக்கொரு யூகம் சொல்வார்கள், நீங்கள் குழம்பிப்போவீர்கள்.

ஓவியம் என்றால், பார்த்து வரைந்த மூலப் படம், முதல் கோட்டுருவம், எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள் என்பது. போடும் முன் நீங்களே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கண் மேலே ஏறியிருந்தால் உடனே தெரியும். பிறகு கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் பிரச்சினை வண்ணத்தில் இல்லை, ஒளியும் நிழலும் போதவில்லை என்று புரியும். இவற்றை நீங்களே பிடித்துவிட்டால், மற்றவர்களின் கருத்து உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகும்.

பின்னல் வேலைக்கு எந்த வடிவக் குறிப்பு, என்ன நூல், ஊசி எத்தனை மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்பது போதும். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) என்றால் அமெரிக்க முறையா பிரிட்டன் முறையா என்றும் சொல்லுங்கள். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்று வருவது பிரிட்டன் குறிப்பில் டபுள். இதைச் சொல்லாமல் விட்டால் பதில் சொல்பவர் வேறு ஒரு பின்னலை மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்.

கதைக்கு: எத்தனை சொல், என்ன வகை, எந்த வயதினருக்கு, இது எத்தனையாவது வரைவு. வன்முறை, தற்கொலை போன்றவை வந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, கைபேசியில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் எடுத்த படமென்றால் அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். மற்ற எக்ஸிஃப் தகவல் இருக்கட்டும், இடம் மட்டும் வேண்டாம். இரண்டாவது, மற்றவர்களின் முகம், குறிப்பாகக் குழந்தைகளின் முகம், பெற்றோரின் அனுமதி இல்லாமல் வேண்டாம். மூன்றாவது கதை எழுதுபவர்களுக்கு. எல்லோரும் பார்க்கும் இடத்தில் முழுக் கதையையும் போட்டுவிட்டால் அதை "ஏற்கெனவே வெளியானது" என்று கருதும் இதழ்களும் போட்டிகளும் நிறைய உண்டு. அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒரு பகுதியை மட்டும் போடுங்கள், அல்லது உறுப்பினர்கள் மட்டும் பார்க்கக்கூடிய இடமாகத் தேடுங்கள். கதை வெளியானபின் அழித்தாலும் சில இதழ்கள் ஏற்பதில்லை.

3. கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"எப்படி இருக்கிறது?" என்பது கேள்வியே இல்லை. அதற்கு மரியாதையான ஒரே பதில் "நன்றாக இருக்கிறது" என்பதுதான். "எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் எதையும் தாங்குவேன்" என்பதும் உதவாது. அப்படிக் கேட்பவருக்கு, கடுமையாகப் பேசுவதில் இன்பம் காண்பவர்கள்தான் முதலில் வருவார்கள்.

உங்கள் பதிவில் நான்கு செய்தி இருந்தால் போதும். என்ன செய்ய நினைத்தீர்கள். எங்கே சிக்கிக்கொண்டீர்கள். என்னவெல்லாம் முயன்று பார்த்துவிட்டீர்கள். எதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் எழுதுவதில்லை, ஆனால் அதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான் பார்த்தவற்றில் நல்ல பதில்களைக் கொண்டுவந்த கேள்விகள் ஏறக்குறைய இந்த வடிவத்தில் இருந்தன:

"வணக்கம். இது என் ஐந்தாவது சிறுகதை, இரண்டாம் வரைவு, 1800 சொல். அப்பாவின் கோபத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது என்பது வாசிப்பவருக்கு மூன்றாம் பகுதிக்குள் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் வாசித்த இருவரும் கடைசிவரை அவரை வில்லனாகவே பார்த்தார்கள். உங்களுக்கு எந்த இடத்தில் அவர்மேல் இரக்கம் வந்தது, அல்லது வரவே இல்லையா? எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன், இப்போது வேண்டாம்."

இதைப் படிப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. கதை எழுதவே தெரியாத ஒரு வாசகர்கூட "எனக்கு இந்த வரியில் இரக்கம் வந்தது" என்று சொல்லிவிட முடியும். அவர் சொல்வதும் தேர்ந்த எழுத்தாளர் சொல்வதும் இந்தக் கேள்விக்கு ஒரே எடைதான். கேள்வி சரியாக இருந்தால் பதில் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கையே கூடிவிடும் என்பதை இதில்தான் கண்டுகொண்டேன்.

ஒரு பதிவில் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. "நிறம், அமைப்பு, தலைப்பு, சட்டகம் எல்லாம் சொல்லுங்கள்" என்றால் எளிதானதைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசுவார்கள். தலைப்பைப் பற்றி இருபது பதில் வரும், அமைப்பைப் பற்றி ஒன்றும் வராது.

4. எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில்

மாற்ற முடியாத கட்டத்தில் கருத்துக் கேட்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஸ்வெட்டரின் கழுத்துவரை பின்னி முடித்துவிட்டு "அளவு சரியா?" என்று கேட்டால் வரும் பதில் எதுவாக இருந்தாலும் வலிக்கும். அளவு பார்ப்பதற்காக முதலில் பின்னும் சிறு மாதிரித் துண்டு முடிந்த கையோடு கேளுங்கள். ஓவியத்தைக் கோட்டுருவத்தில் காட்டுங்கள். கதைக்கு மட்டும் நேர்மாறு: முதல் வரைவை முழுதாக முடிக்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். பாதியில் வரும் கருத்து மீதிப் பாதியை எழுதவிடாது. முதல் அத்தியாயத்தையே திருத்தித் திருத்திக் கைவிட்டவர்கள் ஏராளம்.

நாளை யாருக்கோ பரிசாகக் கொடுக்க வேண்டியது, இன்றிரவு போட்டிக்கு அனுப்ப வேண்டியது என்றால் கருத்துக் கேட்க வேண்டாம், சும்மா காட்டி மகிழுங்கள். திருத்த நேரமில்லாத வேலைக்குக் குறை கேட்பது இருதரப்புக்கும் வீண்.

குழுவில் பல நேர மண்டலத்தவர் இருப்பார்கள். போட்டு ஒரு மணி நேரத்தில் பதில் இல்லை என்று அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். 48 மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் ஒன்றும் வரவில்லையென்றால் கேள்வியை மாற்றி எழுதி ஒருமுறை போடலாம். ஒரே வேலையை ஒரே நாளில் நாலு குழுவில் போட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் குவிந்து, எதை எடுப்பது என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

5. பதில்கள் வர ஆரம்பித்ததும்

முதல் நாள் நன்றி மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். "அது ஏனென்றால்..." என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார். உங்கள் படம் பார்ப்பவருக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கப்போவதில்லை. உங்கள் விளக்கம் இல்லாமல் அவருக்கு என்ன தெரிந்தது என்பதுதான் நீங்கள் கேட்டு வந்த சரக்கு. தெளிவுக்காகக் கேள்வி கேட்கலாம்: "எந்த வரியில் அப்படித் தோன்றியது?" என்று. அதில் தற்காப்பு இல்லை என்பது கேட்பவருக்குப் புரியும்.

மறுநாள் எல்லாப் பதில்களையும் ஒரு குறிப்பேட்டில் நகலெடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அது முதல் கட்டு. அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னது, ஆனால் படித்ததும் உங்களுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது என்றால் அது இரண்டாம் கட்டு. மற்றவை ரசனை. "எனக்கு மஞ்சள் நிறம் பிடிக்காது" என்பதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முதல் பதிலை ஒட்டியே மற்றவர்கள் "ஆமாம், ஆமாம்" என்று எழுதியிருந்தால் அதை ஒருவர் சொன்னதாகவே எண்ணுங்கள்.

குறை இருக்கும் இடத்தைப் பிறர் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். அதற்கு அவர்கள் தரும் தீர்வு பெரும்பாலும் பொருந்தாது. "நடுப்பகுதி இழுக்கிறது, ஒரு சண்டைக் காட்சி வையுங்கள்" என்றால், இழுக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டையை விட்டுவிடுங்கள். ஒருவேளை இழுப்பதற்குக் காரணம் முதல் பகுதியில் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக இருக்கலாம். தீர்வு உங்கள் பொறுப்பு.

மனம் நொந்தால் அது உங்கள் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். 1996-ல் அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வதால் செயல்திறன் கூடுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் குறைந்திருந்தது. கவனம் வேலையைவிட்டு விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்பதற்குத் தாவும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் ஒரு பதிலைப் படித்து மனம் கனத்தால், அதை வேலையைப் பற்றிய ஒரு வாக்கியமாக நீங்களே மாற்றி எழுதிப் பாருங்கள். "உங்களுக்கு ஒளியே புரியவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் குறிப்பேட்டில் "முகத்தின் இடப்பக்க நிழலில் விவரம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி மாற்றவே முடியாத பதிலில் உங்களுக்கான செய்தி எதுவும் இல்லை. தாண்டிப் போகலாம்.

6. நீங்கள் கருத்துச் சொல்லும்போது

"நானே புதுசு, நான் என்ன சொல்வது?" என்று ஒதுங்காதீர்கள். தீர்வு சொல்லத்தான் அனுபவம் வேண்டும். என்ன பார்த்தேன், எங்கே தடுக்கியது என்று சொல்ல யாராலும் முடியும்.

முதல் வேலை, கேட்டவர் என்ன கேட்டிருக்கிறார் என்று படிப்பது. சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கிறீர்களா? பதில்களில் பாதிக்கு மேல் கேட்காத கேள்விக்கான விடைகளாகத்தான் இருக்கின்றன. கேள்வி தெளிவாக இல்லையென்றால், "எதைப் பற்றிச் சொன்னால் உதவும்?" என்று ஒரு வரி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குறையைக் கேட்காத பதிவில் குறை சொல்ல வேண்டாம். கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றினால் "ஒரு யோசனை இருக்கிறது, சொல்லலாமா?" என்று கேளுங்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த கருத்துப் பரிமாற்ற முறையில் இந்த அனுமதி கேட்பது நான்காவது, அதாவது கடைசிப் படி. அதற்கு முன் பார்த்தவர்கள் தங்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள், படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார், பிறகு பார்த்தவர்கள் சார்பற்ற கேள்விகளைக் கேட்பார்கள். முழு முறையும் எழுத்தில் நடத்த நீளம். ஆனால் அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பல சங்கடங்கள் வராது.

எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் உங்களுக்கு நேர்ந்தது, செய்து பார்க்கக்கூடியது. ஒரு பின்னல் வேலைக்கு வந்த இரண்டு பதில்களைப் பாருங்கள். ஸ்வெட்டர் தொளதொளவென்று இருக்கிறது என்று ஒருவர் படம் போட்டுக் கேட்டிருக்கிறார். முதல் பதில்: "அளவே தப்பு. மாதிரித் துண்டு பின்னவில்லை போலிருக்கிறது." இரண்டாவது:

"குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று இருக்கிறது. உங்கள் படத்தில் அளவுகோலுக்குப் பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன், 20 வருகிறது. சுற்றளவுக்கு 220 கண்ணி போட்டிருக்கிறீர்கள். 22 வந்திருந்தால் 100 சென்டிமீட்டர். 20 வருவதால் 110 ஆகிவிட்டது. அந்தப் 10 சென்டிமீட்டர்தான் தொளதொளப்பு. ஊசியை அரை மில்லிமீட்டர் குறைத்து ஒரு துண்டு பின்னி, நீரில் நனைத்து உலர்த்திவிட்டு எண்ணிப் பாருங்கள். நனைத்தபின் சில நூல்கள் விரியும். கழுத்துப் பட்டை மிக நேர்த்தியாக வந்திருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

இரண்டு பதிலும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன. முதலாவது ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவதைப் படித்தவர் அன்று மாலையே ஊசியை மாற்றுவார். அதில் பாராட்டு கடைசியில் வந்திருப்பதையும் கவனியுங்கள். அது மருந்துக்கு மேல் தடவிய சர்க்கரையாக இல்லை. எதைக் கலைக்கக் கூடாது என்று சொல்கிறது, அதுவும் தகவல்தான். பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று கணக்குப் பார்த்து அடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அது பழகிவிடும். பாராட்டைப் படிக்கும்போதே "குறை எங்கே?" என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு பெரிய விஷயம், கூட ஒரு சின்ன விஷயம். பன்னிரண்டு குறை கண்ணில் பட்டாலும் எதைச் சரிசெய்தால் மற்றவற்றில் பாதி தானே சரியாகுமோ அதைச் சொல்லுங்கள்.

எழுத்தில் குரல் கேட்காது என்பதை நாம் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம். 2005-ல் ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உள்ளிட்ட குழுவினர் செய்த சோதனையில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பது படிப்பவருக்கு 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எனவே அறிமுகமில்லாதவரின் படைப்புக்குக் கீழே கிண்டல் வேண்டவே வேண்டாம். "ஏன் இப்படி வரைந்தீர்கள்?" என்பது நேரில் ஆர்வமாக ஒலிக்கும், எழுத்தில் அதட்டலாக ஒலிக்கும். "இந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டா?" என்று மாற்றினால் போதும். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இன்னும் சில. அனுமதி இல்லாமல் அடுத்தவர் படத்தை நீங்கள் திருத்திப் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் பலருக்கு அது வீட்டுக்குள் நுழைந்து சாமான்களை மாற்றி வைத்ததைப் போல இருக்கும். "திருத்திக் காட்டட்டுமா?" என்று கேட்டபின் செய்யுங்கள். "இந்தக் கேமரா சரியில்லை, வேறு வாங்குங்கள்" என்பதைக் கருத்தாகச் சொல்லாதீர்கள். கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். கேட்டவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். முதல் மாதத்தில் இருப்பவரிடமும் பத்து வருடம் செய்தவரிடமும் ஒரே பட்டியலை நீட்டக் கூடாது. வயது குறைந்தவர் என்று தெரிந்தால் தனிச்செய்திக்குப் போகாமல் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே பேசுங்கள்.

7. செலவு

பணச் செலவு பெரும்பாலும் இல்லை. நேரச் செலவு உண்டு. 3000 சொல் கதையை வாசிக்கக் கால் மணி நேரம் போதும். குறிப்பெடுத்து, யோசித்து, காயப்படுத்தாமல் எழுத ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உங்களுக்கு ஒருவர் நீண்ட பதில் எழுதியிருந்தால் அவர் தந்தது அந்த ஒரு மணி நேரம் என்று நினைவில் வையுங்கள். வாரத்துக்கு எத்தனை பேருக்குச் சொல்ல முடியும் என்று நீங்களும் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். அளவில்லாமல் சொல்பவர்கள்தான் சீக்கிரம் சலித்து, கடுமையாகப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

காசு வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அவர் இதற்கு முன் எழுதிய கருத்து ஒன்றின் மாதிரி, எவ்வளவு நீளம் எழுதுவார், எத்தனை நாளில், திருத்தியபின் மறுபடி பார்ப்பாரா, பிடிக்கவில்லையென்றால் என்ன. மாதிரி காட்ட மறுப்பவரிடம் போக வேண்டாம். பொழுதுபோக்கின் முதல் வருடத்தில் இதற்குப் பணம் செலவழிக்க அவசியமே இல்லை என்பது என் கருத்து.

பதிவு போட்ட சில நிமிடங்களில் தனிச்செய்தியில் வந்து புகழ்பவர்களிடம் எச்சரிக்கை. "உங்கள் ஓவியத்தை என்எஃப்டியாக (இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சான்றாக) வாங்கிக்கொள்கிறேன்" என்று பெரிய தொகை பேசி, முதலில் ஒரு கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்பார்கள். விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது இன்னொரு வகை. நீங்கள் மிச்சத்தை அனுப்பியபின் காசோலை திரும்பிவரும். இரண்டும் வெகுநாளாக நடக்கும் மோசடி. புதியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள், ஏனென்றால் முதல் பாராட்டுக்கு ஏங்கும் நேரம் அது.

8. பேச்சு முற்றினால்

ஒருமுறை பதில் சொல்லுங்கள்: "படைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்." இரண்டாவது முறை எழுதாதீர்கள். ஆளைப் பற்றி, சாதி மதம் பற்றி, உடலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அட்மினுக்கு அனுப்புங்கள். எழுதியவர் அழித்துவிட்டால் பிறகு ஆதாரம் இருக்காது. தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். பிறகு பிளாக். அட்மின் சில நாட்களில் ஒன்றும் செய்யவில்லையென்றால் வெளியேறுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

நீங்கள் சொன்னது ஒருவரைப் புண்படுத்திவிட்டது என்று தெரிந்தால், "உங்களுக்கு அப்படிப் பட்டிருந்தால்" என்று இழுக்காமல் நேராக மன்னிப்புக் கேட்டு, சொல்ல வந்ததை வேலையை மட்டும் தொட்டுத் திருத்தி எழுதுங்கள். பழைய பதிலை சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டாம். கீழே பதில் சொன்னவர்கள் காரணமில்லாமல் கோபப்பட்டவர்கள் போலத் தெரிவார்கள்.

9. திருத்தியதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்பவர்களுக்கு அடுத்த முறை பதில்கள் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். யார் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள், எதை எடுக்கவில்லை, ஏன் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். எடுக்காததையும் சொல்வது அவமரியாதை இல்லை. "சட்டகத்தைச் சுருக்கிப் பார்த்தேன், வானம் போய்விட்டது, அதனால் விட்டுவிட்டேன்" என்றால் அவர் சொன்னதை முயன்று பார்த்தீர்கள் என்று தெரியும். அந்த மரியாதை போதும். உதவியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து, வந்த கருத்துகளின் நகலோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஆறேழு படைப்புகள் சேர்ந்தபின் அந்த நகல்களை வரிசையாகப் படித்தால், யாரும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டாலும் ஒரே குறை திரும்பத் திரும்ப வேறு வேறு வார்த்தைகளில் வந்திருப்பது தெரியும். உங்கள் அடுத்த பதிவின் கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.